வடித்த சோறும் வடிக்காத சோறும்

சோறு ஆக்குவதில் முக்கால்வாசி வேலை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிந்துவிடும் என்பாள் எங்கள் அப்பாயி. என்ன நெல், குறுவையா சம்பாவா, அவித்ததா பச்சையா, அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று, மில்லில் எவ்வளவு தீட்டினார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் உலைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல முடியும். "அரிசியக் கேக்காம தண்ணியக் கேக்காத" என்று எங்களை அதட்டுவாள். எந்த ரைஸ் குக்கர் வாங்கலாம் என்று இன்று யாராவது என்னிடம் கேட்டால், உங்கள் வீட்டில் என்ன அரிசி சாப்பிடுகிறீர்கள் என்றுதான் நானும் முதலில் கேட்கிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், கோரையாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்ததும் விற்கிற நெல் வண்டியேறிப் போய்விடும். சாப்பாட்டு நெல் மட்டும் பத்தாயத்துக்குள் போகும். அதை உடனே தொட மாட்டார்கள். முந்தின வருஷத்து நெல் தீரும்வரை புதுசு காத்திருக்கும். புது அரிசி வேகும்போதே குழையும், கஞ்சி கனமாக இறங்கும், வயிற்றில் மந்தமாக உட்காரும். தைப்பொங்கலுக்கு மட்டும் புதுநெல் குத்திய பச்சரிசி. பொங்கல் குழைந்தால்தான் பொங்கல். அன்றாடச் சோறு குழைந்தால் குழம்பு ஊற்றிப் பிசைய முடியாது, சேறாகிவிடும். பழசாக ஆக அரிசி இறுகும். வேக நேரம் எடுக்கும், தண்ணீர் கூடக் குடிக்கும், ஆனால் பருக்கை பருக்கையாக நிற்கும். ஒரு வருஷப் பழசுக்கும் ஒரு மாதப் புதுசுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் "இந்த மூட்டை சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

நெல் அவிக்கிற நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. முதல் நாள் சாயங்காலமே நெல்லைத் தொட்டியில் ஊறப்போட்டுவிடுவார்கள். விடியற்காலை இருட்டில் கொல்லையில் கோட்டை அடுப்பு எரியும். அண்டாவில் நெல் ஆவி கட்டி, உமி லேசாக வாய் பிளக்கும்போது ஒரு வாசனை கிளம்பும். அந்த வாசனைக்கு நான் போர்வையை உதறிவிட்டு ஓடுவேன். பிறகு களத்தில் கொட்டிக் காயப்போடுவது. அப்பாயி வெயிலில் நின்று காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே இருப்பாள். நடுநடுவே ஒரு நெல்லை எடுத்து உமியை நீக்கிக் கடிப்பாள். பல்லில் 'நறுக்'கென்று உடைய வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது. அதிகம் காய்ந்துவிட்டால் மில்லில் அரிசியெல்லாம் நொய்யாகிவிடும், குறைவாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஒரு கடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். "அள்ளுங்கடா" என்று குரல் கொடுத்தால் அடுத்த நிமிஷம் சாக்கு விரியும்.

இந்த அவித்தலின் அருமை எனக்குப் புரிந்தது வெகுகாலம் கழித்து, மலாயாவின் மருத்துவ வரலாற்றைப் படித்தபோதுதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிற்று. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்றுபோகும் நோய். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகள் அதற்குப் பெருவாரியாகப் பலியானார்கள். புழுங்கலரிசி தின்ற தமிழ்த் தொழிலாளிகளை அது அநேகமாகத் தொடவில்லை. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1905-ல், கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பக்கம்தான் வந்தது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கிற பி-1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. கோட்டை அடுப்பின் முன்னால் புகையில் கண் எரிய நின்ற பெண்கள் கடல் கடந்துபோன தங்கள் பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அவித்த மாவு ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகிய மாவு. அதனால்தான் புழுங்கலுக்குத் தண்ணீர் கூட வேண்டும், நேரமும் கூட வேண்டும். குக்கர் விஷயத்தில் இது தலையாய சங்கதி. பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டில் அன்றாடம் வடிச்ச சோறுதான். அரிசியை முறத்தில் புடைத்து, களைந்து, அரிக்கஞ்சட்டியில் அரித்துக் கல் நீக்கி வைத்திருப்பார்கள். முதல் கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு. இரண்டாம் கழுநீர் குழம்புக்குப் புளி கரைக்க. உலை தளதளவென்று கொதித்த பிறகே அரிசி இறங்கும். சற்று நேரத்தில் பானைக்குள் அரிசி மேலும் கீழுமாகச் சுழல ஆரம்பிக்கும். அம்மா அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்குவாள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் நறுக்கரிசி. புள்ளி மறைந்து, ஆனால் விரலில் ஒட்டாமல் வழுக்கினால் பதம். அப்போது விறகை வெளியே இழுத்துவிட்டு, மூடியைப் பிடிதுணியோடு சேர்த்து இறுக்கிப் பானையைச் சாய்ப்பாள். கஞ்சி முழுக்க இறங்கியதும் வேலை முடிந்ததென்று நினைத்தால் தப்பு. பானையை நிமிர்த்தி மறுபடி தணலின் மேல் வைத்து, மூடி போட்டு விடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பருக்கைகளின் மேல் நிற்கிற ஈரம் ஆவியாகி உள்ளுக்கும் வெளிக்கும் சமமாகும். மேல்சோறும் அடிச்சோறும் ஒரே மாதிரி இருக்கும். இந்தத் தணல் நேரத்தை விட்டுவிட்ட வீடுகளில்தான் சோறு நீர்த்தாற்போல இருக்கும்.

எங்கள் ஊருக்குக் கரண்ட் குக்கர் வந்தது சிங்கப்பூரிலிருந்து. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அன்று எந்தத் தெருவிலும் ஒரு சிங்கப்பூர் வீடு இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்த சித்தப்பா, டார்ச் லைட்டு, கைலி, தைலத்தோடு ஒரு ஜப்பான் குக்கரையும் கொண்டுவந்தார். வெள்ளை உடம்பு, அலுமினிய மூடி. பிளக்கில் சதுர முள்; எங்கள் சுவரிலோ உருண்டைத் துளை. ரேடியோ மெக்கானிக் ஒருவர் வந்து பிளக்கை வெட்டி வேறு மாட்டிக் கொடுத்தார். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் ஆயிற்று, இன்னும் நேரம் ஆயிற்று, சோறு ஆகவில்லை. கோடைக்காலம். வயலில் பம்புசெட்டெல்லாம் ஓடுகிற நேரம். வீட்டில் பல்பே சிவப்பாகத்தான் எரிந்தது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், குக்கரின் சூடு ஐந்தில் மூன்று பங்குக்கு இறங்கிவிடும். துள்ளிக் கொதிக்காமல் வெதும்பிக்கொண்டே கிடந்த அரிசி ஊறிக் குழைந்தது. அப்பாயி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுவிட்டு, "நோயாளிக்குக் குடுக்கலாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் அந்த மெக்கானிக் எனக்குப் பெரிய உபகாரம் செய்தார். குக்கரின் உள்பாத்திரத்தைத் தூக்கிவிட்டு, சூட்டுத் தட்டின் நடுவே ஸ்பிரிங் மேல் துருத்திக்கொண்டிருந்த காசு அகல வில்லையைக் காட்டினார். "இதுக்குள்ள காந்தம் இருக்கு பாப்பா. பாத்திரத்துல சொட்டுத் தண்ணி இருக்கற வரைக்கும் சூடு நூறு டிகிரிய தாண்டாது. தண்ணி முழுக்க அரிசிக்குள்ள போயிருச்சுன்னா சூடு சட்டுனு ஏறும். ஏறினதும் இங்க இருக்கற இரும்பு வில்லைக்குக் காந்தப் பிடிப்பு போயிரும். ஸ்பிரிங் தள்ளிவிட்டுரும். அதான் 'டக்'குனு பொத்தான் மேல எழும்புது." கடிகாரமும் இல்லை, கணக்கும் இல்லை. தண்ணீர் தீர்ந்த கணத்தைப் பாத்திரத்தின் அடியில் தொட்டுக்கொண்டே காத்திருக்கிற ஒரு காந்தம். இவ்வளவு எளிய காரியத்தை இவ்வளவு நேர்மையாகச் செய்கிற கருவி வேறு ஏதாவது சமையலறையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

காந்த வில்லைக்கு முன்னால் வந்தது இன்னொரு உபாயம். தானாகவே அணைகிற மின்சார சோற்றுக்கலத்தை 1955-ல் தோஷிபா கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் யோஷிததா மினாமி என்ற சிறு பட்டறைக்காரர். இரண்டு பாத்திரம், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப்பாத்திரத்தில் ஒரு குவளைத் தண்ணீர். அது ஆவியாகித் தீர ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும். தீர்ந்ததும் சூடு ஏறி ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த இருபது நிமிஷத்தைக் கண்டுபிடிக்கக் குளிரிலும் வெயிலிலும் மறுபடி மறுபடி சோறு ஆக்கிச் சூட்டை அளந்து குறித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. நாட்கணக்கில் அடுப்படியில் நின்று அவர் உடம்பு கெட்டுப்போனது. இந்தச் சரித்திரத்தில் எனக்கு அவர்தான் முக்கியம். களத்தில் நெல்லைக் கடித்துப் பார்த்த அப்பாயியும் ஃபுமிகோவும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தபிறகு பிரஷர் குக்கர் காலம். பருப்பு, சோறு, காய் மூன்றும் அடுக்கில் ஏறி ஒரே மூச்சில் வெந்து இறங்கிவிடும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது வரம். அழுத்தத்தில் சூடு 120 டிகிரி வரை போவதால் அரிசி சீக்கிரம் மசிகிறது. தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் சாம்பார் சாதத்துக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் வத்தக்குழம்புக்குப் பிசைய, ரசத்தில் போட, பருக்கை உடையாமல் நிற்கும் சோறு வேண்டுமென்றால் அந்த அடுக்குப் பாத்திரம் சரிப்படாது. நம் சாப்பாட்டில் ஒரே சோறு மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. குழம்புக்குப் பிசைந்தால் சேர வேண்டும், ரசத்தில் போட்டால் கரையாமல் மிதக்க வேண்டும், மோருக்குக் கையால் மசித்தால் மசிய வேண்டும். இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்கிற சோறுதான் நல்ல சோறு. ஜப்பானில் குச்சியால் எடுக்க ஒட்டவேண்டும், பிரியாணிக்கு உதிர வேண்டும். நமக்கு இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அப்பா போனபிறகு அம்மா ஊரிலேயே தனியாக இருந்தாள். எங்களோடு வா என்றால், "நெல்லு அவிக்க முடியலன்னாலும் இந்த வாசல்லயே இருந்துக்கிறேன்" என்பாள். அவளுடைய மணிக்கட்டு மூட்டு வீங்கிப் பிடிமானம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் எதிர்வீட்டு அக்காவுக்குக் கஞ்சி வடிக்கையில் மூடி நழுவி, காலில் கொட்டிப் புறங்கால் முழுக்கத் தோல் உரிந்துவிட்டது என்று அம்மாவே போனில் சொன்னாள். அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய், "கும்பகோணம் போறோம், குக்கர் வாங்கறோம்" என்றேன்.

"அதுல கஞ்சி வடியாதே. சர்க்கரைக்கு வடிச்ச சோறுதான் நல்லதுன்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வடிக்கும்போது கொஞ்சம் மாவு போகிறது, உண்மைதான். ஆனால் தட்டில் விழுகிற மிச்சமும் மாவுதான். சர்க்கரை ஏறுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எவ்வளவு சோறு, என்ன அரிசி, கூட என்ன காய் என்பதே. கஞ்சியோடு பி சத்தும் கரைந்து போகிறது. அப்பாயி காலத்தில் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு எல்லோரும் குடித்தோம். மிச்சம் வேட்டிக்கும் நூல் புடவைக்கும் போகும். கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வடிச்ச சோறு என்று சொல்லிக்கொள்வதில் பாதிப் பலன் போய்விடுகிறது. அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "ரெண்டு கரண்டி போதும்மா, காய நெறைய வச்சுக்க" என்று மட்டும் சொன்னேன். "அது தெரியும்" என்றாள்.

கடையில் விற்பனைப் பையன் முதலில் எடுத்து வைத்தது பெரிய குக்கர். விருந்தாளி வந்தால் உதவும் என்றான். ஒரே ஆளுக்கு அது வேண்டாத வம்பு. அகலப் பாத்திரத்தில் ஒரு பிடி அரிசியைப் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் அரிசிக்குள் போவதற்கு முன்னால் ஆவியாகித் தீரும். பொத்தான் அவசரப்பட்டு எழும்பிவிடும். சோறு மேலே விறைப்பு, அடியில் காந்தல். அன்றாடம் ஆக்குகிற அளவு பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நிற்க வேண்டும். அடுத்து ஒரு டிஜிட்டல் குக்கரைக் காட்டினான். கஞ்சிக்கு ஒரு பொத்தான், கேக்குக்கு ஒரு பொத்தான், தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கிற கணினிச் சில்லு. ஜப்பானிய, கொரிய வீடுகளில் இவை அற்புதமாக வேலை செய்கின்றன, ஏனென்றால் அவர்களுடைய குட்டையான ஒட்டும் அரிசிக்கென்றே அந்தக் கணக்கு எழுதப்பட்டது. ஒரு வருஷப் பழசான புழுங்கல் பொன்னியை அந்தச் சில்லு அறியாது. சில்லு போனால் நீடாமங்கலத்தில் அதைப் பார்க்கவும் ஆளில்லை.

அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. ஒரு லிட்டர் குக்கர் ஒன்றின் உள்பாத்திரத்தை வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்த்தாள். இறக்கி வைத்தாள். மறுபடி தூக்கினாள். தண்ணீரும் சோறும் நிறைந்தால் என்ன கனம் இருக்கும் என்று மணிக்கட்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைத் தடவினாள். "தம்பி, இந்த உள்பானை தனியா கெடைக்குமா? மூடில இருக்கற இந்தக் குமிழு கழண்டா வேற போடலாமா?" நான் கேட்க நினைத்திருந்ததைவிட நல்ல கேள்விகள். குக்கரில் சாகிறது பெரும்பாலும் உள்பாத்திரமும், அடியில் இருக்கிற ஃபியூஸும், வயரும்தான். இவை உள்ளூரில் கிடைத்தால் குக்கர் இருபது வருஷம் உழைக்கும்.

அம்மா தடவிப் பார்த்த அந்த அடிப்பாகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அது சமமாக இருக்க வேண்டும். கீழே போட்டு நடுவில் ஒடுங்கிவிட்டால் காந்த வில்லையோடு ஒட்டாது, பொத்தான் நேரத்துக்கு எழும்பாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரே ஒரு பருக்கை சிக்கினாலும் போதும், சூடு ஒருபக்கமாக ஏறும். மெக்கானிக்குகளிடம் வருகிற குக்கர்களில் பல இப்படிக் காய்ந்துபோன ஒரு பருக்கையால் வந்தவை.

ஒட்டாத பூச்சுப் பாத்திரம் வேண்டாம் என்று அம்மாவே சொன்னாள். அவள் கம்பி நாரால் தேய்க்கிறவள், எவர்சில்வர் கரண்டி போடுகிறவள். பூச்சு ஒரு மாதம் தாங்காது. சாதாரண அலுமினியப் பாத்திரம் எடுத்தோம். புளிசாதம் மட்டும் அதில் கிளறக் கூடாது, புளிக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. தனியே எடுத்துத்தான் கலக்க வேண்டும். பெட்டியில் 600 கிராம் அரிசிவரை என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. லிட்டர் என்று சொல்வதைச் சிலர் அரிசியின் அளவாகவும் சிலர் பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவாகவும் போடுகிறார்கள்.

கூட வந்த பிளாஸ்டிக் குவளையை அம்மா வீட்டுக்கு வந்ததும் தன் ஆழாக்கோடு ஒப்பிட்டாள். ஏறக்குறைய ஒன்று. அந்தக் குவளை 180 மில்லி, ஜப்பானில் அரிசி அளக்கிற 'கோ' என்ற பழைய அளவு. பத்துக் கோ ஒரு ஷோ, அதாவது 1.8 லிட்டர், நம் கடைகளில் 1.8 லிட்டர் குக்கர் என்று நிற்பதற்கு மூலம் அதுவே. நம் ஆழாக்கு 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு ஆளின் ஒரு வேளைச் சோற்றை அளக்கப்போன இரண்டு ஊர்க்காரர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நின்றிருக்கிறார்கள். அம்மா அந்தக் குவளையை எடுத்து வைத்துவிட்டு ஆழாக்கையே புழங்கினாள்.

அன்று சாயங்காலம் அவளே முதல் சோற்றை ஆக்கினாள். வீட்டில் இருந்தது புழுங்கல் பொன்னி, நன்றாகப் பழசு. இந்தப் பொன்னியின் பூர்வீகம் மலேசியா; அங்கே மசூரி என்று வெளியான நெல்லிலிருந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து 1986-ல் வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. அம்மா அரிசியைத் தனிப் பாத்திரத்தில் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்தாள். ஒரு ஆழாக்கு அரிசிக்கு மூன்று ஆழாக்குத் தண்ணீர். ஒரு சொட்டு நல்லெண்ணெய், நுரை பொங்கி மூடி வழியே வழியாமல் இருக்க. பொத்தானை அமுக்கிவிட்டுப் பக்கத்திலேயே மணையைப் போட்டு உட்கார்ந்தாள். 'டக்' என்று சத்தம் வந்ததும் நான் மூடியில் கை வைக்கப் போனேன். "வுடு. தணல்ல கெடக்கட்டும்."

தணலே இல்லாத அந்தச் சாமானில் அவள் தணலைக் கண்டுபிடித்துவிட்டாள். பொத்தான் எழும்பும்போது தண்ணீர் தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் எல்லாப் பருக்கைக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்திருக்காது. பத்துப் பதினைந்து நிமிஷம் மூடியே கிடக்க வேண்டும். பிறகு மரக்கரண்டியை ஓரமாகவே இறக்கி, அடியிலிருந்து மேலே புரட்டிவிட்டால் சோறு பூத்து நிற்கும். கரண்ட் குக்கரில் சோறு நன்றாக வரவில்லை என்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுக்காதவர்கள். நான் பார்த்தவரை பிராண்டை மாற்றுவதைவிட இது அதிகப் பலன் தருகிறது.

இன்னொன்றையும் அவளே கண்டுகொண்டாள். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது அரிசியை மும்மடங்காக்கினாள், தண்ணீரை மும்மடங்காக்கவில்லை. "அரிசி கூடுனா தண்ணி கொஞ்சம் கொறையும்" என்றாள். அரிசி குடிக்கிற தண்ணீர் அரிசியின் அளவுக்குத் தக்கபடி கூடும். ஆவியாகிப் போகிற தண்ணீரோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் ஒரு ஆழாக்குக்கு மூன்று என்றால் மூன்று ஆழாக்குக்கு ஒன்பது ஊற்றக் கூடாது, எட்டேகால் எட்டரை போதும். எந்த விளக்கச் சிற்றேட்டிலும் நான் இதைப் பார்த்ததில்லை. பச்சரிசி என்றால் இரண்டு, இரண்டரை. மாப்பிள்ளைச் சம்பா மாதிரித் தவிடு போகாத சிவப்பரிசி என்றால் முதல் நாள் ராத்திரியே ஊற வேண்டும். பொன்மணி என்று எங்கள் பக்கம் சொல்கிற சி.ஆர்.1009 குண்டரிசிக்கு ஊறலும் கூட, தண்ணீரும் கூட. அதை இட்லிக்கு வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

சோற்றைச் சூட்டிலேயே காலையிலிருந்து ராத்திரிவரை வைக்கிற பழக்கத்தை அவள் ஏற்கவில்லை. அரிசியில் இருக்கிற சில கிருமி வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் விட்டால் முளைத்துவிடும். குக்கரின் சூடுகாக்கும் நிலை அறுபது டிகிரிக்கு மேலேயே வைத்திருப்பதால் ஒருவேளைக்கு அபாயமில்லை, ஆனால் சோறு மஞ்சளித்து வாடை மாறும். அம்மா சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை ஆற்றி மண்சட்டியில் தண்ணீர் ஊற்றிவிடுவாள். மறுநாள் காலையில் அதுதான் பழையது, சின்ன வெங்காயத்தோடு. கஞ்சி இல்லாத குறையை நொய்யைத் தனியாகக் காய்ச்சித் தீர்த்துக்கொண்டாள். குக்கர் ஒருவேளைச் சோற்றுக்குக் கால் யூனிட்டு கரண்டு இழுக்கிறது என்று கணக்குச் சொன்னபோது, "சிலிண்டர் ரெண்டு மாசம் கூட வருது, அதுவே போதும்" என்றாள்.

போன மாசியில் போன் செய்தாள். இந்த வருஷம் குத்தகைக்காரர் புதுநெல் அரிசி கொண்டுவந்து போட்டிருக்கிறாராம். பழசு தீர்ந்துவிட்டது. "ரெண்டேகால்தான் ஊத்தறேன், ஊறவும் வைக்கறதில்ல. இல்லன்னா களியாயிருது. நீ வரும்போது மெட்ராஸ்ல அந்த உள்பானை ஒண்ணு வாங்கியா. இங்க இப்ப ஸ்டாக்கு இல்லையாம். ஒண்ணுல சோத்த எறக்கிட்டு இன்னொண்ணுல பருப்புப் போடலாம்." அடியைத் தடவிப் பார்த்து வாங்கச் சொன்னாள். பழைய பொன்னி எங்கேயாவது கிடைத்தால் ஒரு சிப்பமும் வேண்டுமாம். ஒரு வருஷம் ஆனதா என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதே, நாலு அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார் என்றாள்.